சந்தோஷம் என்னும் கட்டளை: பவுலின் பிலிப்பியர் நிருபமும் போன்ஹோஃபரின் சிறைக் கடிதங்களும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை வந்து விழும். அந்த அட்டைகளில் பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்துக்குத் தனி மவுசு உண்டு. நான்காம் வசனம், ஆறாம் வசனம், பதின்மூன்று, பத்தொன்பது என்று மாறிமாறி வரும். வீட்டு நடையில், ஆட்டோவின் பின்கண்ணாடியில், கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் அவற்றைப் பார்க்கலாம். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இருபத்தேழாம் வசனம் அச்சிட்ட அட்டை எதையும் இன்றுவரை நான் கண்டதில்லை. அதில் பவுல் தன் துக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாவு வீட்டில் இருந்தேன். இறந்தவன் வயதுப் பையன். ஜெபிக்க வந்த ஒருவர், எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்னும் அந்த நான்காம் வசனத்தை எடுத்து வாசித்துவிட்டு, விசுவாசிகள் அழுதால் சாட்சி கெட்டுப்போகும் என்று தாயிடம் சொன்னார். அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தலையாட்டினார். யாரும் மறுத்துப் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாசித்த வசனம் சரியான வசனம். ஆனால் அந்த அறையில் ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் பட்டது. அது என்ன தப்பு என்று தேடிப் போனபோது, பிலிப்பியர் நிருபத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறைவாசியின் கடிதங்களை வைத்துப் படிக்க நேர்ந்தது. ஜெர்மனியின் டீட்ரிக் போன்ஹோஃபர் பெர்லினின் தேகல் ராணுவச் சிறையிலிருந்து 1943, 1944 ஆண்டுகளில் எழுதியவை அவை.

இரண்டும் கடிதங்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். வேதாகமத்தில் அச்சேறியதும் பவுலின் கடிதம் நமக்குப் பிரசங்கமாகிவிடுகிறது. உண்மையில் அது, சாப்பாட்டுக்கும் செலவுக்கும் பணம் அனுப்பிய நண்பர்களுக்கு ஒரு கைதி எழுதிய பதில். ரோமரின் ஆட்சியில் சிறை பெரும்பாலும் தண்டனைக்கான இடமல்ல. விசாரணை முடியும்வரை ஆளை வைத்திருக்கும் இடம். உள்ளே இருப்பவனுக்குச் சோறும் துணியும் வெளியே இருக்கும் உறவுகள்தான் கொண்டுவர வேண்டும். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் உதவியைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் வந்த இடத்தில் நோயில் விழுந்து சாவின் விளிம்புவரை போய்விட்டார். பிழைத்தெழுந்த அவரைப் பவுல் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார். கடிதமும் அவர் கையிலேயே போயிருக்க வேண்டும்.

எந்த ஊர்ச் சிறை என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ரோம் என்பது பழைய மரபு. அப்படியானால் ஏறத்தாழ கி.பி. 60-62. அரமனைக் காவலரும் இராயனுடைய வீட்டாரும் கடிதத்தில் வருவது அதற்குச் சான்று. ஆனால் ரோமுக்கும் பிலிப்பிக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். கடிதத்துக்குப் பின்னால் ஆட்கள் இத்தனை முறை போய்வந்திருப்பதைப் பார்த்தால் பக்கத்து எபேசுவாகத்தான் இருக்க வேண்டும் என்பார் சிலர்; செசரியா என்பாரும் உண்டு. நமக்கு இங்கே அது முக்கியமில்லை. வழக்கு எப்படி முடியும் என்று தெரியாமல், சாவும் ஒரு சாத்தியம் என்று தெரிந்துகொண்டு எழுதுகிறார் என்பது போதும்.

இப்படிப்பட்ட 104 வசனங்களுக்குள், மூல கிரேக்கத்தில், மகிழ்ச்சியைக் குறிக்கும் பெயரும் வினையுமாக 16 இடங்கள். பவுலின் கடிதங்களில் இந்த அளவுக்கு இந்தச் சொல் நெருக்கமாக வரும் கடிதம் வேறில்லை. அதற்காக எல்லாரிடமும் சிரித்துப் பேசும் கடிதம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் அதிகாரத்தில் எதிராளிகளை நாய்கள் என்கிறார். அடுத்து, கண்ணீரோடு சொல்கிறேன் என்கிறார். சபையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் எயோதியாளையும் சிந்திகேயாளையும் பேர் சொல்லியே சமாதானமாகப் போகச் சொல்கிறார். புகழ்பெற்ற அந்தச் சந்தோஷக் கட்டளை வருவது இந்தச் சண்டைப் பஞ்சாயத்துக்கு அடுத்த வரியில்தான். அட்டையில் அச்சிடும்போது சண்டையை வெட்டிவிடுகிறோம்.

போன்ஹோஃபரின் கதை தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது. 1906 பிப்ரவரி 4 அன்று பிரெஸ்லாவில் பிறந்தவர். தந்தை பெர்லினில் மனநல மருத்துவப் பேராசிரியர். இவர் லுத்தரன் போதகரானார். நாஜிகளுக்குப் பணிய மறுத்த திருச்சபைப் பிரிவுக்காக ரகசியமாய் ஒரு குருத்துவக் கல்லூரியை நடத்தினார். அதற்கு முன் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு தங்க ஆசைப்பட்டார். வரலாம் என்று 1934 நவம்பரில் காந்தியிடமிருந்து கடிதமும் போனது. ஆனால் வர வாய்க்கவில்லை. 1939இல் நண்பர்கள் அவரை நியூயார்க்குக்குப் பத்திரமாக அனுப்பிவைத்தார்கள். சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டார். பிறகு ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் சேர்ந்தார். 1943 ஜனவரியில் மரியா ஃபான் வெடமெயரோடு நிச்சயம் ஆனது; அந்தப் பெண்ணுக்கு வயது 18, இவருக்கு 36. ஏப்ரல் 5 அன்று கைது.

எருசலேமுக்குப் போனால் கட்டப்படுவாய் என்று தீர்க்கதரிசி அகபு எச்சரித்தும் கேளாமல் போனவர் பவுல். அமெரிக்காவில் இரு என்று மன்றாடியும் கேளாமல் கப்பலேறியவர் போன்ஹோஃபர். இருவரும் தாமாக நடந்து போய்ச் சிக்கிக்கொண்டவர்கள். ஆகவே, எதிர்பாராமல் தலையில் இடி விழுந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தக் கப்பலையும் தேர்ந்தெடுக்கவில்லை. இவர்களின் மகிழ்ச்சியை அவளுக்கு மாதிரியாகக் காட்டும்போது இதை மறக்கக் கூடாது.

தேகலில் முதல் நாட்கள் மோசமானவை. போர்வை சகிக்க முடியாத நாற்றம், மூடிக்கொள்ள முடியவில்லை. காலையில் ரொட்டித் துண்டை அறைக்குள் விட்டெறிந்தார்கள். தரையிலிருந்து பொறுக்கித் தின்ன வேண்டியிருந்தது. இதை அவரே பின்னால் சிறையின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் சொல்கிறார். அந்தத் தொடக்க வாரங்களில் அவர் கிறுக்கிவைத்த குறிப்புகளில் தற்கொலை பற்றிய எண்ணமும் இருக்கிறது. பெற்றோருக்கு அப்போது எழுதிய கடிதங்களோ, கவலைப்படாதீர்கள், நன்றாக இருக்கிறேன் என்னும் தொனியில் போகின்றன. தணிக்கைக்கும் பயம், அம்மாவின் மனசுக்கும் பயம். 1943 நவம்பரில், ஒரு காவலரின் உதவியால் தணிக்கையைத் தாண்டி, நெருங்கிய நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. ஆதித் துறவிகள் ஆன்மாவின் சோர்வுக்கு வைத்திருந்த லத்தீன் பெயரைச் சொல்லி, அது தன்னையும் பிடிக்கப் பார்த்தது என்கிறார்.

பவுலிடம் இப்படி இரண்டு அடுக்கு இல்லையா? எனக்கு இருப்பதாகவே தோன்றுகிறது. அதற்கு இரண்டாம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். எப்பாப்பிரோதீத்து செத்திருந்தால் தன் நிலை என்னவாகியிருக்கும் என்று சொல்லும் இடத்தில், ஒரு துக்கத்தின்மேல் இன்னொன்று வந்து ஏறியிருக்கும், கடவுள் இரங்கித் தடுத்தார் என்கிறார். அப்படியானால் முதல் துக்கம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. எங்கும் மகிழ்ச்சி என்று சொல்லிக்கொண்டு வருகிற கடிதத்தின் அடிவயிற்றில், பெயர் சொல்லாத ஒரு துக்கம் படுத்திருக்கிறது. அதை விரிக்காமல் போய்விடுகிறார். அவரை அனுப்பிவைத்தால் என் துக்கம் குறையும் என்கிறார். தீரும் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் இரு கைதிகளும் ஒருவர் தோளை ஒருவர் தொடுகிறார்கள். 1944 கோடையில் போன்ஹோஃபர் தன்னையே கேள்வி கேட்டு ஒரு கவிதை எழுதினார். தன் மாளிகையிலிருந்து புறப்படும் பிரபுவைப் போலச் சிறையறையிலிருந்து நிதானமாகவும் கலகலப்பாகவும் வெளியே வருவதாக மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவருக்கோ தான் கூண்டுப் பறவையாய் மூச்சு முட்டித் தவிப்பது தெரியும். இரண்டில் எது நான்? விடை சொல்லாமல், யாராயிருந்தாலும் நான் கடவுளுக்குச் சொந்தம் என்னும் பொருளில் முடிக்கிறார். நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் இந்தக் கேள்வியை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. அங்கே எல்லாக் கதையும் கடைசியில் சுகமாகித்தான் ஆக வேண்டும்.

சொற்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பவுல் கையாளும் கிரேக்க வினை, அன்றாடம் வீதியில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லும் வணக்கமும்கூட. நாம் கடித முடிவில் ‘சுகமே வாழ்க’ என்போமே, அது போல. அந்தத் தேய்ந்த வணக்கச் சொல்லுக்குள் பழைய பொருளைப் பவுல் மறுபடி ஏற்றுகிறார். தமிழில் பழைய மொழிபெயர்ப்பு அதைச் சந்தோஷம் என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் மகிழ்ச்சி என்கிறது. எனக்குப் பழையதன்மேல் ஒரு பாசம், காரணத்தோடுதான். வடமொழியில் அச்சொல்லின் முதற்பொருள் மனநிறைவு. கிடைத்தது போதும் என்னும் அமைதி. நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், குறைவிலும் நிறைவிலும் இருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்லும் இடத்துக்கு அது பொருந்திப் போகிறது. அங்கே அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல் ஸ்தோயிக் ஞானிகளின் சொல்: எவரையும் எதையும் சாராத தன்னிறைவு. பழைய தமிழ் வேதாகமம் அதை மனரம்மியம் என்று அழகாகப் பெயர்த்தது. ஆனால் பவுல் அந்தச் சொல்லைக் கடன் வாங்கியவுடனே அதன் காலை உடைத்துவிடுகிறார். எனக்குப் பலம் தருகிறவர் வேறொருவர் என்கிறார். அதற்கு அடுத்தபடியாக, ஆனாலும் என் கஷ்டத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். தன்னிறைவு பேசிக்கொண்டே பணம் வந்து சேர்ந்ததற்குக் கணக்குச் சீட்டு எழுதுகிறார். வரவு, செலவு என்னும் வியாபாரச் சொற்கள்கூட அங்கே வருகின்றன. நன்றி என்ற சொல்லை மட்டும் நேராகச் சொல்லவில்லை. உறவுக்காரர்களுக்குள் நன்றி சொல்லிக்கொள்வதைக் கூச்சமாக நினைக்கும் நமக்கு இது புரியும்.

போன்ஹோஃபர் தேடிப் பிடித்தது ஒரு லத்தீன் சொல்: ஹிலாரித்தாஸ். களிப்பு, கலகலப்பு என்று சொல்லலாம். ஆனால் 1944 மார்ச்சில் பெத்கேக்கு எழுதும்போது அதற்குள் இன்னும் பலதை அடைக்கிறார். தன் வேலையின்மேல் நம்பிக்கை, துணிச்சல், ஊர் என்ன சொல்லும் என்று பாராத திடம். மோட்சார்ட், ரஃபேல், ரூபன்ஸ், தன் ஆசிரியரைப் போன்ற இறையியலாளர் கார்ல் பார்த் என்று இந்தக் குணம் கொண்டவர்களுக்கு ஒரு பட்டியலும் போடுகிறார். பட்டியலில் பாதிப்பேருக்கு மேல் கலைஞர்கள், துறவிகளைக் காணோம். பவுல் இப்படி ஒரு பட்டியல் போட்டிருக்கவே மாட்டார். ஒருவர் சந்தோஷத்துக்குக் கிறிஸ்துவுக்குள் என்று எல்லை வரைகிறார். மற்றவர் அந்த எல்லைக்குள்ளேயே ஓவியத்தையும் சங்கீதத்தையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைக்கிறார்.

1944 மே 20ஆம் தேதிக் கடிதத்தில் இதை இசை வழியாகவே விளக்குகிறார். பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் பாடும் ஐரோப்பிய இசையில், ஒரு மூலக்குரல் அசையாமல் நடந்துகொண்டிருக்கும். அது திடமாக இருந்தால் மற்றவை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் விலகி விளையாடலாம். கடவுள்மேல் உள்ள அன்பு அந்த மூலக்குரல். பூமியின்மேலும் பெண்ணின்மேலும் உள்ள அன்பு மற்றக் குரல்கள். நம் காதுக்குத் தம்புராச் சுருதி ஞாபகம் வரும். ஆனால் சுருதி ஒரே ஸ்தாயியில் நிற்பது. இதுவோ தானும் ஒரு பாட்டாக நகர்வது. இந்த வேறுபாடு சின்னதல்ல. வேதனையும் மகிழ்ச்சியும் ஒன்றை ஒன்று விரட்டாமல் ஒரே நேரத்தில் ஒலிக்கலாம் என்று அவர் சொல்ல வருகிறார். ஒன்றன்பின் ஒன்று அல்ல, ஒரே நேரத்தில்.

இருவரும் பிரியும் இடம் மரணம். முதல் அதிகாரத்தில் பவுல், போய்ச் சேர்வதா இருப்பதா என்று இரண்டுக்கும் நடுவே இழுபடுகிறார். தனக்கென்றால் போவதே மிக நல்லது. உங்களுக்காக இருக்கிறேன் என்கிறார். அவர் குரலில் வயதும் களைப்பும் தெரிகின்றன. வீட்டில் காத்திருக்கும் பெண் யாருமில்லை. போன்ஹோஃபர் 1943 டிசம்பர் 18 அன்று எழுதியது இதற்கு நேர் எதிர்த் திசை. மனைவியின் அணைப்பில் இருக்கும்போது மறுமைக்கு ஏங்குவது, மென்மையாகச் சொன்னால், ரசனைக் குறைவு; கடவுள் அப்படிக் கேட்கவும் இல்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கடவுள் எதைக் கொடுக்கிறாரோ அதில் அவரை நேசிக்க வேண்டும். பூமியின் இன்பத்தைக் கொடுத்திருக்கும் வேளையில் அவரைவிடப் பக்திமான்களாக நடந்துகொள்ளக் கூடாது. பக்தியில் கடவுளைத் தாண்டப் பார்ப்பவர்களைப் பற்றி இவ்வளவு நயமாகச் சொன்னவர் குறைவு.

இதில் நான் போன்ஹோஃபர் பக்கம். பவுலின் வரிகள் தவறென்பதால் அல்ல. சாவு வீட்டில் நாம் எப்போதும் பவுலை மட்டுமே வாசிக்கிறோம். மேலே நல்ல இடத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கீழே காலியாய்க் கிடக்கும் பாயைப் பார்க்காமல் எழுந்து போகிறோம். 1943 கிறிஸ்துமஸை ஒட்டிய கடிதத்தில் அந்தப் பாயைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார் என்றே சொல்வேன். அன்பானவர் இல்லாத இடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது. நிரப்ப முயலவும் கூடாது. கடவுள் அதை நிரப்புவார் என்பதும் பிழை. அவர் அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே காத்துவைக்கிறார். வலியோடென்றாலும் உறவு அற்றுப்போகாமலிருக்க அது உதவுகிறது. நம் ஊரில் ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பக்கம் ஒன்றை நான் படித்ததில்லை.

மகிழ்ச்சி என்றால் வாய்மூடிச் சகிப்பது என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. இருவருமே அதற்குச் சாட்சி சொல்ல மாட்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில், அதே பிலிப்பி ஊரில், பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடுகிறார்கள். இந்தப் பாட்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் காலையில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. விடுதலை, போகலாம் என்று அதிகாரிகள் ஆளனுப்பியபோது பவுல் நகர மறுத்தார். விசாரணை இல்லாமல் ரோமக் குடிமக்களை ஊரறிய அடித்துவிட்டு, இப்போது ரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அவர்களும் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ராத்திரி பாடியவர்தான் காலையில் சட்டம் பேசினார். போன்ஹோஃபரும் அப்படியே: ஜெபமும் கவிதையும் எழுதிய கையால், கைதிகளை நடத்தும் விதம், சாப்பாடு, குண்டுவீச்சின்போது பாதுகாப்பின்மை பற்றி அறிக்கை எழுதினார். பெர்லின் நகரின் ராணுவத் தளபதி பவுல் ஃபான் ஹாஸ அவருக்குத் தாய்வழி உறவு. அது தெரிந்த பிறகு சிறையில் அவருக்கு மரியாதை கூடியது. ரோமக் குடியுரிமை பவுலுக்குச் செய்ததை இந்த உறவு இவருக்குச் செய்தது. சலுகை இல்லாத கைதி எழுதியிருந்தால் இரு கடிதங்களும் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பிலிப்பியில் நிலநடுக்கத்தில் கதவுகள் திறந்தபோது கைதிகள் ஓடவில்லை. ஓடியிருந்தால் சிறைக்காரன் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருப்பான். அவன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவன். பிலிப்பியர் நிருபம் சபையில் வாசிக்கப்பட்டபோது பின்வரிசையில் அவனும் உட்கார்ந்திருக்கலாம் என்று கற்பனை செய்வதில் பிழையில்லை. ஹிட்லருக்கு எதிரான 1944 ஜூலை 20 சதி தோற்று வலை இறுகியபோது, ஒரு காவலரின் துணையோடு தப்பியோட போன்ஹோஃபருக்கு ஏற்பாடு தயாரானது. அண்ணன் கிளவுஸ் கைதானதும் அதைக் கைவிட்டார். தான் ஓடினால் குடும்பத்தின்மேல் விடியும் என்பது காரணம்.

இனி அந்தச் சாவு வீட்டுக் கேள்விக்கு வரலாம். எங்கே தப்பு நடந்தது?

1944 ஜனவரி முடிவில் பெத்கேக்குப் போன்ஹோஃபர் ஒரு சம்பவத்தை எழுதுகிறார். தேகல் சிறைக்குப் பக்கத்தில் போர்சிக் ரயில் எஞ்சின் தொழிற்சாலை. விமானங்கள் அதைக் குறிவைத்து வரும். ஒரு ராத்திரி குண்டு விழுந்துகொண்டிருக்கையில் எல்லாரும் தரையில் கிடக்கிறார்கள். பக்கத்தில் கிடந்த ஒருவர், சாதாரண நாளில் விளையாட்டுத்தனமாய்த் திரிபவர், கடவுளே கடவுளே என்று அரற்றுகிறார். போதகர் பக்கத்தில் இருக்கிறார். வேதத்தில் ஆயிரம் ஆறுதல் அவருக்கு மனப்பாடம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் போகாது என்று மட்டும் சொன்னார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு மனிதன் பயத்தில் சுருண்டு கிடக்கும் நேரத்தைப் பயன்படுத்தி அவன்மேல் மதத்தைச் சுமத்தக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வசனம் சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்லவில்லை. அந்த ‘பத்து நிமிஷம்’ பொய்யான ஆறுதலும் அல்ல. ஒரு தகவல், பக்கத்தில் ஒரு மனிதக் குரல். ஆனால் அதற்குச் சற்று முன், 1943 கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்கென்று ஜெபங்கள் எழுதித்தரக் கேட்டபோது எழுதிக்கொடுத்தவரும் இவர்தான், கேட்டவர்களுக்குக் கொடுத்தார்.

ஆக, பவுல் எப்படிச் சந்தோஷத்தைக் கட்டளையாகவே சொல்ல முடிந்தது? யார் யாருக்குச் சொல்கிறார் என்று பாருங்கள். சங்கிலி போட்டிருப்பவர், வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறார். வெளியே இருப்பவர்களும் சுகவாசிகள் அல்ல. நான் படுவதையே நீங்களும் படுகிறீர்கள் என்று முதல் அதிகாரத்தின் முடிவில் ஒப்புக்கொள்கிறார். அடிபட்டவர் அடிபடுகிறவர்களுக்குச் சொன்ன சொல் அது. நாம் அதன் திசையைத் திருப்பிவிட்டோம். சங்கிலி இல்லாதவன் சங்கிலியில் இருப்பவளைப் பார்த்துச் சொல்கிறான். எழுத்து ஒன்றுதான், திசை மாறியதும் வசனம் சாட்டையாகிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்த அந்தத் தாய், ஒருநாள் தானாக அந்த வசனத்தை எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்கள் எழுந்து நின்று கேட்டிருப்போம்.

கடைசி நாட்கள் பற்றிச் சுருக்கமாக. 1944 அக்டோபர் 8 அன்று போன்ஹோஃபரை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் நிலவறைக்கு மாற்றினார்கள். பிப்ரவரியில் புகன்வால்ட் முகாமுக்கு. 1945 ஏப்ரல் 8, ஞாயிறு, ஷோன்பெர்க் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் சக கைதிகளுக்கு ஆராதனை நடத்தினார். மறுநாள் அதிகாலை ஃபிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை மீட்டது. அமைதியாய் ஜெபித்து மரித்தார் என்று முகாம் மருத்துவர் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய விவரிப்பு உலகமெங்கும் பரவியது. ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. தூக்குமேடையிலும் நம் வீரர் முகம் மலர்ந்திருக்க வேண்டும் என்று நமக்கு ஒரு பேராசை. பவுலின் முடிவைப் பற்றி வேதாகமம் ஒரு வரியும் சொல்லவில்லை. நீரோவின் காலத்தில் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. அவர் முகம் எப்படி இருந்தது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அதுவே நல்லது.

பெத்கே தானும் கைதான 1944 அக்டோபரில், செப்டம்பர் மாதக் கடிதங்களை எரித்துவிட்டார். சிக்கினால் இருவருக்கும் ஆபத்து. அதற்கு முந்தியவை வாயுமுகமூடிப் பெட்டிகளில் அடைத்து ஒரு வீட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருந்ததால் தப்பின; 1951இல் புத்தகமாயின. பவுலின் கடிதத்தைச் சுமந்து போனவர், நோயிலிருந்து அப்போதுதான் எழுந்த ஒரு மனிதர். இருவர் மகிழ்ச்சியும் யாரோ ஒருவர் சிறைக்குச் சுமந்துபோன பொருளில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது: பிலிப்பியரின் பணம், பெத்கே கொண்டுவந்த கார்ல் பார்த்தின் சுருட்டு, வீட்டார் அனுப்பிய பொட்டலங்கள், ஆணியில் மாட்டிய ஒரு கிறிஸ்துமஸ் வளையம்.

அடுத்த முறை ஒரு சாவு வீட்டுக்கு வேதாகமத்தோடு போகும்போது, நான்காம் அதிகாரத்தைத் திறக்குமுன் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்களை வீட்டிலேயே ஒரு தரம் வாசித்துவிட்டுப் போங்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. தூக்குச்சட்டியில் கொஞ்சம் சாப்பாடும் கொண்டு போங்கள்.